போதும் என்று சொல்வானோ

வில்லுப்பாட்டுக்காரனுக்கு முதலில் வேண்டியது குரல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், டீச்சர். அது இல்லை. முதலில் வேண்டியது சம்மணம் போட்டு அசையாமல் உட்காரும் இடுப்பு. குரல் கட்டினால் மிளகைக் கடித்துச் சமாளிக்கலாம். கால் மரத்துப்போனால், கதையில் ஆள் சாகிற இடத்தில் நாம் நெளிந்துகொண்டிருப்போம். ஒரு காலத்தில் நான் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அண்ணாவி பலவேசத்தை எழுப்ப வேண்டுமென்றால் தரையோடு பெயர்க்க வேண்டும் என்பார்கள்.

இப்போது பாருங்கள், நீங்கள் வந்து காப்பி ஆறுவதற்குள் எத்தனை முறை எழுந்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வந்தவரை விரட்டும் எண்ணம் இல்லை. நாலு வருஷமாக இப்படித்தான். உட்கார்ந்தால் தொடை துடிக்கிறது. விரல் எதையாவது தட்டுகிறது. பஸ் ஏறித் திருநெல்வேலி டவுணுக்குப் போவேன். ரதவீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் வாங்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். என் வீட்டுக்காரி முதலில் வைதாள், பிறகு வேப்பிலை அடித்துப் பார்த்தாள், இப்போது கண்டுகொள்வதில்லை. வில்லுக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் இந்தக் கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நாளைக்கு எங்கள் மாடன் கோவில் திருவிழா, மத்தியானக் கொடையில் நீங்களே பார்ப்பீர்கள்.

உங்கள் டேப்ரிக்கார்டரை அந்த ஸ்டூலில் வையுங்கள். ஓடட்டும். நான் நடந்துகொண்டே பேசுவேன். சத்தம் கூடும், குறையும், பரவாயில்லைதானே.

ஒரு வரியைத் தேடிப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறீர்கள். 'போதும் என்று சொல்வானோ, மடை காத்த மாடன், போதும் என்று சொல்வானோ.' ஸ்ரீவைகுண்டத்து வில்லுக்காரர்கள் பாடியிருக்கிறார்கள். டவுண்காரர்களும் பாடியிருக்கிறார்கள். மாஞ்சோலையில் தேயிலை பறிக்கிறவர்கள் வைத்திருக்கும் கோவிலில்கூட, மாடன் பெயரை மாற்றிப்போட்டு யாரோ பாடியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள். பழைய ஏட்டில் இல்லை, அச்சடித்த கதையிலும் இல்லை, இது எந்தக் காலத்து மரபு என்று கேட்டீர்கள். உங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வசதி, பாட்டுப் புத்தகத்தில் பாட்டுக்கு அடியிலேயே கட்டியவர் பெயர் இருக்கும். எங்கள் பாட்டுக்குத் தாய் தகப்பன் கிடையாது, ஊர்தான் பெற்றது என்போம். ஆனால் இந்த ஒரு வரிக்கு உண்டு. தொண்ணூற்று நாலாம் வருஷம் சித்திரையில், இந்த வடகால் வாய்க்கால் கரையில், உச்சி வெயிலில் அது பிறந்தது. கட்டியவர்கள் இரண்டு பேர். முதல் சொல் ஊய்க்காட்டானுடையது. மீதி என்னுடையது.

ஊய்க்காட்டான் எங்கள் மடை மாடனுக்குச் சாமியாடி. என் வயசுதான். மற்ற நாளில் வாழையிலை அறுக்கிற வேலை, கொடை அன்றைக்கு மட்டும் சாமி. ஒல்லியாக, உயரமாக இருப்பான். வாயைத் திறந்தால் கிண்டல். அவன் ஒருவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டால் அது அந்த ஆளோடு சுடுகாடு வரை போகும். எனக்கு அப்படிப் பேச வராது. எனக்கு எல்லாம் பாட்டில்தான் வரும். அதனாலேயே சின்ன வயசிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தோம் என்று நினைக்கிறேன். அவன் பெண்டாட்டி சொர்ணாம்பாள் என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவாள். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மாடன் கதை சின்னக் கதை. பஞ்சத்தில் மடையைக் காத்த காவல்காரனை, தண்ணீர் திருட வந்தவர்கள் வெட்டி வாய்க்காலில் போட்டுவிட்டார்கள். செத்தவன் சாமியானான். இந்தப் பக்கத்துச் சாமிகளில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான், அநியாயமாகச் செத்தவனுக்குப் பீடம் நிச்சயம். வெட்டு விழும் இடத்தைப் பாடி முடித்ததும் வரத்துப் பாட்டைத் தொடங்குவோம். சாமியை வரவழைக்கிற பாட்டு. அதில் உடுக்கையும் குடமும் ஒன்றையொன்று விரட்டும். சாமியாடி மேல் மாடன் இறங்கும். பாட்டு நிற்கும்வரை சாமி ஆடும், சாமி ஆடும்வரை பாட்டு நிற்காது. இது ஐதீகம்.

நடப்பு வேறு. அந்தக் கொடைக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாழை மூட்டில் சாய்ந்துவிட்டான். நான்தான் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சு பழுது, உடம்பை அலட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பலவேசம், இதை ஒருத்தர்ட்டயும் சொல்லிராதலே. சொர்ணத்துட்டயும் சொல்லாத. நெஞ்சு பழுதுன்னு தெரிஞ்சா கச்சையை உருவிப் பறிச்சிருவானுவ.”

உண்மைதான். உடம்பில் குறை உள்ளவன் மாடனுக்குக் கச்சை கட்டக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் சத்தியம் செய்தேன். அப்புறம் அவனே ஒரு யோசனையும் சொன்னான். ஆடும்போது முடியாமல் வந்தால் இடது கையால் இடுப்பு மணியைத் தொடுவான். நான் உடனே வில்லடிக்கிற வீசுகோல் இரண்டையும் வில்லின் மேல் குறுக்கே வைத்துவிட வேண்டும். அதுதான் பாட்டு முடிந்ததற்கு அடையாளம், குடமும் உடுக்கையும் நின்றுவிடும். மாடன் இறங்கிய பிறகு மணியைத் தொடுவது யாருடைய கை என்று நான் அவனைக் கேட்கவில்லை. சிநேகிதனிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

அப்படியே சில கொடைகள் நடந்தன. அவன் தொடுவான், நான் கோலை வைப்பேன், சாமி மலையேறிவிடும். பலவேசத்துக்கு மாடன் எப்படிக் கட்டுப்படுகிறது பார் என்று ஊர் சொன்னது. அதில் எனக்குக் கிடைத்த பெயர் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தப் பெயரால்தான் டவுணில் ஒரு கேசட்காரர் என்னைக் கூப்பிட்டார்.

இந்த ஜன்னலைச் சாத்துகிறேன். வாழைத்தார் லாரி வரும் நேரம், இரைச்சல் உங்கள் டேப்பில் விழும்.

கேசட் பிடித்தது ரதவீதியில் ஒரு கடைக்குப் பின்னால் உள்ள அறை. சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கியது. கேட்க ஆள் இல்லை, குலவை இல்லை, சாம்பிராணி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் பொரி உருண்டை தின்றுகொண்டிருந்தான். வரத்துப் பாட்டின் நடுவில் அவன் கையைக் காட்டி, ஏ பக்கம் முடிந்துவிட்டது, நிறுத்துங்கள் என்றான். நிறுத்தினோம். வேறு நாடா போட்டு மீதியைப் பி பக்கத்துக்குப் பாடினோம். வரத்துப் பாட்டை நடுவில் அறுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஊருக்கு வந்து ஊய்க்காட்டானிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான்.

தொண்ணூற்று மூன்றில் கொடைக்கு வரி சரியாகப் பிரியவில்லை. வில்லு வைக்க வேண்டாம் என்று பேச்சு வந்தது. மைக்செட் அகமது மீரான் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர். அவர்தான், “பலவேசம் அண்ணாச்சி கேசட்டு நம்மகிட்ட இருக்குல்லா? குரல் அதே குரல்தான” என்றார். கூட்டம் ஒத்துக்கொண்டது.

என் பாட்டைக் கேட்க நான் போனேன். கொடையில் நான் நின்றுகொண்டிருந்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பனைமரத்தில் கட்டிய குழாயிலிருந்து என் குரல் வந்தது. வெட்டு விழுந்தது, வரத்துப் பாட்டு தொடங்கியது. சாமி வராது என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், வராது என்று நம்பியிருந்தேன். நாடாவுக்கா மாடன் வரும்?

வந்தது. நன்றாகவே ஆடியது. அப்புறம் ஏ பக்கம் முடிந்தது. குழாயில் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு நிசப்தம். ஓங்கிய அரிவாளோடு சாமி அப்படியே நின்றது. மீரான் அவசரத்தில் கேசட்டைக் கீழே போட்டுவிட்டார். குனிந்து எடுத்து, மண்ணை ஊதி, திருப்பிப் போட்டார். அதுவரைக்கும் மடை மாடன் கண்ணை மூடிக்கொண்டு, மார்பு ஏறி இறங்க, காத்து நின்றது. பி பக்கம் தொடங்கியதும் விட்ட அடியிலிருந்து துள்ளியது. யாரும் சிரிக்கவில்லை. சாமி காரியம்.

மறுநாள் டீக்கடையில் சிரித்தார்கள். ஊய்க்காட்டான்தான் தொடங்கிவைத்தான். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“உள்ளதைச் சொல்லுதேன்வே. இவன் பாட்டுக்கு ஆடுனா மூச்சு முட்டுது. டேப்பு தேவலை. ஏ பக்கம் பாடி, நிறுத்தி, மூச்சு வாங்க விட்டு, பெறவுதான் பி பக்கம் பாடுது. மரியாதை தெரிஞ்ச டேப்பு.”

நானும் சிரித்தேன். அவன் நெஞ்சுக்கு அன்றைக்கு அந்த இடைவெளி எவ்வளவு உதவியிருக்கும் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிநேகிதன், விளையாட்டாகச் சொன்னது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பெயர்தான் ஒட்டிக்கொண்டது. 'ஏ பக்கம்.' முதலில் டீக்கடையில், அப்புறம் வாய்க்காலில், அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வாயில். ஆவணியில் வேறோர் ஊரில் பாடப் போயிருந்தேன். நடுவில் ஒரு வாய் காப்பி குடிக்க நிறுத்தினேன். கூட்டத்திலிருந்து எவனோ, “பக்கத்தைத் திருப்பும்வே” என்று கத்தினான். குடம் அடிக்கிற தங்கப்பழம்கூடக் குனிந்துகொண்டு சிரித்தான். என் பின்னால் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவன்.

எனக்குக் கோபம் இல்லை, டீச்சர். யோசனைதான். படுத்தால் யோசனை, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினால் யோசனை. அன்றைக்கு ஆடியது மாடன் என்றால், கேசட் திருப்பும்வரை அது ஏன் காத்திருந்தது? சாமிக்கு ஏ பக்கம் பி பக்கம் உண்டா? ஆடியது ஊய்க்காட்டான் என்றால், இத்தனை வருஷம் நான் யாருக்காகப் பாடினேன்? இதை யாராவது தீர்த்துவைக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமியே வந்ததா என்று பார்க்க ஆள் இல்லை. மரபு மரபு என்று நீங்கள் தேடி அலைகிறீர்கள், அதற்குக் காவல் வேண்டாமா? ஒரு பரீட்சை வைத்தால் தெரிந்துவிடும். மாடனாக இருந்தால் களைக்காது. மனுஷனாக இருந்தால் நிறுத்தச் சொல்லட்டும். சொன்ன உடனே நிறுத்திவிடலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த வருஷம் ஆனியிலேயே காற்று ஊர் வாழையை எல்லாம் படுக்கவைத்திருந்தது. நாடா போட்டுக் கொடை கொடுத்த குற்றம்தான் என்று ஊர் முடிவு செய்தது. அடுத்த சித்திரைக்கு என்னையே கூப்பிட வேண்டும் என்று கூட்டத்தில் அழுத்திப் பேசியவன் ஊய்க்காட்டான். வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்தவனும் அவன்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

“மணியை மறந்துராதலே. இந்த வருசம் கொஞ்சம் மோசமாத்தான் இருக்கு. மாடிப்படி ஏற முடியல பாத்துக்கோ.”

மறக்கவில்லை என்றேன். அவன் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. அவன் மேல் எனக்கு இருந்த பிரியத்தை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

உங்கள் டேப்பில் 'டக்' என்று கேட்டதே. பக்கம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. திருப்பிப் போடுங்கள். அவசரமில்லை, மாடனே காத்திருந்தது. நான் அதற்குள் வாசல்வரை போய்விட்டு வருகிறேன்.

ஓடுகிறதா? சரி.

அன்றைக்கு வெயிலைச் சொல்ல வேண்டும். தென்னோலைப் பந்தலுக்குள் இருந்த எங்களுக்கே மூச்சு அடைத்தது. சாமி ஆடுகிற இடத்துக்குப் பந்தல் கிடையாது, மணல்தான். ஊய்க்காட்டான் ஈர வேட்டியோடு, கச்சை கட்டி, மணி தொங்க வந்து நின்றான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். நான் பாடினேன். அன்றைக்குப் பாடினதைப் போல அதற்கு முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை. வெட்டு விழும் இடத்தில் பெண்கள் அழுதார்கள். அகமது மீரான் மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரத்துப் பாட்டு எடுத்தேன். வந்தது.

முதல் தடவை அவன் மணியைத் தொட்டபோது வெயில் கண்ணில் அடித்தது, நான் சரியாகப் பார்க்கவில்லை. கொஞ்ச காலம் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இடது கை வந்தது, மணியைத் தொட்டது, போயிற்று. நான் பாட்டை ஒரு படி ஏற்றினேன்.

இரண்டாவது தடவை தொட்டபோது தங்கப்பழம் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குச் சைகை தெரியாது. ஆனால் வழக்கமாக முடிக்கும் இடம் தாண்டிவிட்டது என்று தெரியும். இன்னும் விரட்டு என்று தலையை அசைத்தேன். குடம் விரட்டியது, உடுக்கை அதன் பின்னால் ஓடியது. மூன்றாவது தடவை அவன் மணியைத் தொட்டுவிட்டு விடவில்லை. பிடித்துக்கொண்டே ஆடினான். பார்த்தவர்களுக்கு அது புது அடவாகத் தெரிந்திருக்கும், குலவை போட்டார்கள்.

நிறுத்துவது அவன் கையிலும் இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. பாட்டு நிற்காமல் சாமி நின்றால் அது சாமி இல்லை. ஊர் முன்னால் அதை ஒத்துக்கொள்வதைவிட ஆடுவது அவனுக்கு எளிது. இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

அப்புறம் ஆடிக்கொண்டே நேராக என்னிடம் வந்தான். வில்லுக்கு மேலே குனிந்தான். அவன் முகத்து வேர்வை வில்லின் நாணில் சொட்டியது. முகம் சாம்பல் பூத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அது ஊய்க்காட்டான் கண்.

“போதும்லே பலவேசம்” என்றான்.

குடச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பரீட்சை அந்த இடத்தில் முடிந்துவிட்டது, டீச்சர். மனுஷனாக இருந்தால் நிறுத்தச் சொல்லட்டும் என்று நினைத்திருந்தேன், சொல்லிவிட்டான். கோலைக் குறுக்கே வைக்க வேண்டியதுதான் பாக்கி. நான் வைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிப்பீர்கள். நானும் கவனித்தேன்.

அந்தச் சொல் சரியாகத் தாளத்தில் வந்து விழுந்திருந்தது. பாடுகிறவன் வாய்க்கு அப்படி ஒன்று கிடைத்தால் விடாது. 'போதும்' என்று அவன் சொன்ன மூச்சு அடங்குவதற்குள் நான் எடுத்தேன். 'போதும் என்று சொல்வானோ, மடை காத்த மாடன், போதும் என்று சொல்வானோ.' பின்பாட்டுக்காரர்கள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாடினார்கள். ஊர் சேர்ந்துகொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். பனைமரத்துக் குழாயிலிருந்து அவன் சொல்லே அவன் மேல் வந்து விழுந்தது. சொல்வானோ, சொல்வானோ என்று எத்தனை பேர் கேட்கிறார்கள். சொல்ல முடியுமா? நிமிர்ந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்த்தானா என்று பலமுறை யோசித்துவிட்டேன். இல்லை. வழி தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவன் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு திரும்பிப் போய் ஆடினான். நன்றாக ஆடினான். ஆடிக்கொண்டே மணலில் சரிந்தான்.

அப்போதுதான் கோலைக் குறுக்கே வைத்தேன்.

சாமி மலையேறிவிட்டது என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வாழிப்பாட்டு பாடி முடித்துத் திருநீறு போடும்வரை சாமியாடியைத் தொடக் கூடாது, அது முறை. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவன் கச்சையின் வலது மடிப்பில் இருந்தது. அதை அவனும் நானும் தவிர யாரும் அறிய மாட்டார்கள். எட்டிக் கை நீட்டும் தூரம் இல்லை, ஆனால் வாய் திறந்து சொல்லும் தூரம்தான். சொர்ணாம்பாள் செம்பில் தீர்த்தத்தோடு நின்றுகொண்டிருந்தாள், எப்போது போகலாம் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் வாழி பாடினேன். மழைக்கு வாழி, மடைக்கு வாழி, வாழைக்கு வாழி, வரி கொடுத்தவர்களுக்கு வாழி, ஆடு மாட்டுக்கு வாழி. ஒரு வரி விடவில்லை. அவசரப்படவும் இல்லை. அவசரமாக வாழி பாடினால் ஊருக்கு ஆகாது.

அவள் போய்த் தொட்டபோது ஆள் இல்லை.

மாடன் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். போலீஸ் வரவில்லை. வந்தாலும் என்ன கேட்டிருப்பார்கள்? பாடினதற்கு வழக்கு உண்டா? கொடை கேட்க வந்திருந்த வெளியூர் வில்லுக்காரர்கள் அந்த வரியை எடுத்துப் போனார்கள். அவர்களிடமிருந்து மற்றவர்கள் எடுத்தார்கள். இப்போது அது இல்லாமல் இந்தப் பக்கத்தில் கொடை இல்லை. நல்ல வரி, நானே சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு யாரும் என்னை 'ஏ பக்கம்' என்று சொன்னதில்லை. 'போதும்' பாடின அண்ணாவி என்கிறார்கள்.

ஊய்க்காட்டானுக்கு மாடன் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பீடம் போட்டிருக்கிறார்கள். அவன் கதையை நான்தான் கட்டினேன். வாசித்துவிட்டு, எல்லாச் சாமி கதையிலும் கொன்றவன் யார் என்று வருகிறது, இதில் மட்டும் வரவில்லையே என்று வாசலில் நின்றுகொண்டே கேட்டீர்கள். இவ்வளவு நேரம் அதற்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னேன். நீங்கள் இதை யாரிடம் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அண்ணாவிக்குக் கதை கட்டத் தெரியாதா என்பார்கள்.

நாலு வருஷம் கச்சை கட்ட ஆள் இல்லை. இந்தத் தடவை பூக்கட்டிப் பார்த்ததில் அவன் மகன் மாரிக்கண்ணு பெயர் வந்திருக்கிறது. நாளைக்கு முதல் தடவையாக ஆடப்போகிறான். வாழைத்தார் ஏற்றுகிற லாரியில் வேலை. தார் தூக்கும்போது அவனுக்கும் மூச்சு வாங்குகிறதாம். சொர்ணாம்பாள் நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். “நீங்க இருக்கியண்ணே, நான் எதுக்குப் பயப்படுதேன்” என்றும் சொன்னாள். கூட வந்த மாரிக்கண்ணு காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டான். அப்பாவுக்குப் பாடின மாதிரியே தனக்கும் பாட வேண்டும் என்றான். முடியாமல் வந்தால் இடது கையால் இடுப்பு மணியைத் தொடு, நான் பார்த்து நிறுத்துகிறேன் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் பயப்பட ஒன்றும் இல்லை.

நல்ல பையன். அப்பன் முகம், அப்பன் உயரம், அப்பன் வாய். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “ஏ பக்கத்தோட நிறுத்திக்கிடும் மாமா, பி பக்கமெல்லாம் எனக்குத் தாங்காது” என்றான்.

சின்ன வயசு, விளையாட்டாகச் சொன்னது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.